டியூபை மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்இடி போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப நல்ல விஷயம். 2015-இல் மலிவு விலையில் எல்இடி பல்பு கொடுக்கும் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்த பிறகு கிராமத்து வீட்டு அடுப்படிக்கே எல்இடி பல்பு வந்துவிட்டது, நூலகத்துக்கு இப்போதுதான் வருகிறது. நான் வயரிங் வேலை பார்ப்பவன், தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. படிப்பதால் அந்த நூலகத்துக்குப் போய் வருபவன். இரண்டு பக்கமும் தெரிந்ததால் இதை எழுதுகிறேன்.

மின்சாரம் மிச்சமாகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். 36 வாட் டியூப் என்று பேர்தான், அதோடு இருக்கும் பழைய செம்புச் சோக் தனியாகப் பத்துப் பன்னிரண்டு வாட்டைச் சூடாக்கியே வீணடிக்கும். ஆக 48 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் 20 வாட் எல்இடி போதும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் எரிந்தால் ஒரு விளக்கிலேயே சுமார் 100 யூனிட் குறையும். யூனிட் எட்டு ரூபாய் என்று போட்டாலும் 800 ரூபாய், விளக்கின் விலை ஒரு வருடத்துக்குள்ளேயே திரும்பிவிடும். இந்தக் கணக்கைக் கோப்பில் எழுதிக் கையெழுத்து வாங்குவது சுலபம். என் கவலை வேறு. கணக்கு சரியாக வந்துவிட்டது என்று குறைந்த விலை டெண்டர் எடுத்தவரிடம் வேலையைக் கொடுத்து, பழைய ஃபிட்டிங்கிலேயே புது டியூபைச் செருகிவிட்டுப் போய்விடுவார்களோ என்பதுதான்.

அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்றால், பழைய டியூப் நாலா பக்கமும் வெளிச்சத்தை வீசும், மேலே போனது சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வரும். எல்இடி டியூப் பெரும்பாலும் கீழ்நோக்கி மட்டும்தான் அடிக்கும். மேசைமேல் பளிச்சென்று இருக்கும், அலமாரிப் பக்கம் இன்னும் இருட்டாகிவிடும். இப்போதே புத்தக அடுக்குப் பகுதியில் ஃபிட்டிங்குகள் அலமாரி வரிசைக்குக் குறுக்கே மாட்டப்பட்டிருக்கின்றன, பாதி வெளிச்சம் அலமாரியின் தலையில் தூசி மேல் விழுகிறது. கீழ்த்தட்டில் இருக்கும் புத்தகத்தின் முதுகில் ஒட்டிய எண்ணைப் படிக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செல்போன் டார்ச்சை அடிக்க வேண்டியிருக்கிறது. எழுபது வயது ஆய்வாளர் ஒருவர் அப்படி உட்கார முடியாமல் பக்கத்தில் நின்ற பையனிடம் எண்ணைச் சொல்லித் தேடச் சொன்னதைப் பார்த்தேன், மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஐரோப்பியத் தரத்தில் படிக்கும் மேசைக்கு 500 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு), புத்தக அலமாரிக்கு 200 லக்ஸ் என்று இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறார்கள். லக்ஸ் மீட்டர் ஒன்றும் விலை உயர்ந்த கருவி இல்லை. ஒரு வரிசையில் மட்டும் முதலில் மாட்டி, கீழ்த்தட்டில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யலாமே. ஃபிட்டிங்கை இரண்டு அலமாரிக்கும் நடுவே, நடைபாதைக்கு நேர் மேலே மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஏணி போட்டு ஏறுகிற நேரத்திலேயே அதையும் முடித்துவிடலாம்.

அப்புறம் கண். சோக் போட்ட பழைய டியூப் நொடிக்கு 100 தடவை துடிக்கும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி வரும். எல்இடியில் இது தானாகவே போய்விடும் என்று நினைக்கக் கூடாது, உள்ளே மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் ‘டிரைவர்’ சர்க்யூட் மட்டமாக இருந்தால் அதுவும் துடிக்கும். நிறமும் முக்கியம். கடையில் முதலில் எடுத்துக் கொடுப்பது 6500 கெல்வின் நீல வெள்ளை (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்), மணிக்கணக்காகப் படிக்கிறவர்களுக்கு நீலம் குறைந்த 4000 கெல்வின் கேளுங்கள். இன்னொரு நல்லது, எல்இடியில் புற ஊதாக் கதிர் இல்லாத மாதிரிதான், பழைய தினசரித் தொகுப்புகளுக்கும் ஓலைச்சுவடிகளுக்கும் அது பெரிய நிம்மதி.

வயரிங் பற்றி ஒரு வார்த்தை. சோக்கை உள்ளேயே விட்டு ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றும் வகையும் உண்டு, சோக் இல்லாமல் மின்சாரத்தை நேராக டியூபுக்கே கொடுக்கும் நேர் இணைப்பு வகையும் உண்டு. சோக்கை எடுத்துவிடுவதே நல்லது, இருந்தால் அது சிறிதளவாவது மின்சாரத்தைத் தின்றுகொண்டே இருக்கும், என்றைக்காவது கருகவும் செய்யும். ஆனால் நேர் இணைப்பு கொடுத்த ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் ‘எல்இடி மட்டும்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். நாளைக்கு ஒருவர் ஸ்டோரில் கிடக்கும் பழைய டியூபையோ வேறு வகை எல்இடியையோ எடுத்து மாட்டினால் ஷார்ட் ஆகலாம். புத்தகக் கட்டடத்தில் அது விளையாட்டு இல்லை. அடுக்குப் பகுதியில் ஆள் நடமாட்டம் பார்த்து எரியும் சென்சார் வைப்பதாகச் சொல்கிறார்கள், சரி, ஆனால் தரையில் அசையாமல் உட்கார்ந்து படிக்கிறவர் மேல் இருட்டு விழாதபடி நேரத்தைக் கூட்டி வையுங்கள்.

கடைசியாக, கழற்றிய டியூப்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்ட பிறகும் அந்த மண்ணில் பாதரசப் பிரச்சினை எத்தனை வருடம் நீடித்தது என்பது நமக்குத் தெரியும். 2023-இல் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா ஒப்பந்த (பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) நாடுகள், இந்தியாவும் அதில் ஒன்று, 2027-க்குள் இந்த மாதிரி ஃப்ளோரசன்ட் டியூப் உற்பத்தியை நிறுத்த முடிவெடுத்ததும் இந்தப் பாதரசத்துக்காகத்தான். 2022 மின்னணுக் கழிவு விதிகளும் இவற்றைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. ஆனால் நூலகத்தின் பின்புற மாடிப்படிக்குக் கீழே ஏற்கனவே கறுத்துப்போன டியூப்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன, சிலது உடைந்தும் கிடக்கிறது, துப்புரவுப் பணியாளர்கள் வெறும் கையால் கூட்டி அள்ளுகிறார்கள். புது டியூப் வாங்கும் அதே டெண்டரில், பழையதை உடையாமல் பெட்டியில் கட்டி அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைத்து ரசீது காட்டினால்தான் பில் பாஸ் ஆகும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று பல்கலைக்கழக நிர்வாகத்தை உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நூலக வாசகர் ஒருவர்