மாலைப் படிப்பகச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பெற்றோருக்கும், தினமும் வந்து பாடம் சொல்லித் தரும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது வேறு.

சென்ற பொதுக்குழுவில் ஒரு அம்மா எழுந்து, "போன மாசம் நூத்துக்கு நூறு வாங்கினான், இப்ப கேட்டா முழிக்கிறானே, படிச்சதெல்லாம் எங்கங்க போச்சு?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த ஆண்டு முழுக்க அந்தக் கேள்விதான் எங்களை வேலை வாங்கியது.

பாடம் நடத்திய அன்று கேட்ட கேள்வியையே ஒரு வாரம் கழித்தும், விடுமுறை முடிந்தும் கேட்டோம். ஒப்பிப்பது, செய்து காட்டுவது, இன்னொரு பிள்ளைக்குப் புரிய வைப்பது என மூன்றையும் தனித்தனியாகக் குறித்தோம்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி சுற்றளவு, பரப்பளவுச் சூத்திரங்களை மூச்சு விடாமல் சொன்னாள். கீழே விரித்திருந்த கோரைப்பாயைக் காட்டி, "இதுக்குச் சுத்தி ஓரம் தைக்க எவ்வளவு துணி வேணும்?" என்றோம். நீளத்தை அகலத்தால் பெருக்கினாள். பிறகு நூல் பிடித்து அவளே பாயைச் சுற்றி அளந்தாள். அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது சூத்திரம் மறந்திருந்தது. ஆனால் "சுத்தி வர்றதுதானே அக்கா" என்று நான்கு பக்கத்தையும் சரியாகக் கூட்டினாள். எழுத்துத் தேர்வில் சூத்திரத்தை மட்டும் கேட்டிருந்தால், அவளுக்கு எதுவுமே நினைவில்லை என்றுதான் எழுதியிருப்போம்.

மறதி பிள்ளைகளின் குற்றமில்லை. ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்ட முடிவுகளில், மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவுகிறது. அமெரிக்காவில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு எங்களுக்கு இன்னும் உதவியது. ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் 81 சதவீதமும், படித்தபின் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதமும் சொன்னார்கள். ஒரு வாரத்தில் அது தலைகீழாகி, திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் என நின்றது. அன்றைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் தவறான முறையைத்தான் தேர்ந்தெடுப்போம். அதனால் இப்போது திருப்புதல் நேரத்தில் புத்தகத்தை மூடிவைத்தே எழுதச் சொல்கிறோம்.

வாசிப்புக்கு, இந்தியக் கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் அசர் (ASER) ஆய்வின் வழியைப் பின்பற்றினோம். எழுத்து, சொல், பத்தி, கதை என ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்துக் கேட்க நேரம் நிறைய ஆகிறது. ஆனாலும் படத்தைப் பார்த்துப் பாடத்தை ஒப்பிக்கிற பிள்ளை அப்போதுதான் கண்ணில் படுகிறது.

ஒரு குறை: ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைகளின் நிலையை நாங்கள் குறித்துவைக்கவில்லை. அதனால் முதல் பருவத்தை எதனோடும் ஒப்பிட முடியவில்லை. வரும் ஜூனில் புதுப் பாடம் தொடங்குமுன் முதல் வாரம் முழுவதும் பழைய பாடத்தையே கேட்கக் குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். குறிப்பேடு எழுத இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இவண்,
செயலாளர்