கார்ன்வாலிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். அம்மாவின் முட்டுவலி எப்படியிருக்கிறது? இங்கே சாயங்காலம் நாலரைக்குள் இருட்டிவிடுகிறது. பட்டறையில் பாய்ப்படகு வேலை குளிர்காலம் முழுக்க உண்டு.

கரைக்குப் பக்கத்தில் எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்றுதான் இதில் எழுதுகிறேன். இந்தக் கரையிலும் பெருங்காற்று தென்மேற்கிலிருந்துதான். நம்ம ஊர் நீரோடியில் ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் காற்று போல, படகைக் கரைக்கே தள்ளும். எஞ்சின் நின்றதும் மூடியைத் திறந்து குனிவதுதான் பெரிய தப்பு. 2 நாட், அதாவது மணிக்கு 2 கடல் மைல் வேகத்தில் தள்ளப்படும் படகு அரை மணியில் ஒரு கடல் மைல் கரையை நெருங்கிவிடும்.

இங்குள்ளவர்கள் உடனே பாயை ஏற்றுவார்கள்: பெரிய பாயைச் சுருக்கி, சின்ன முன்பாயோடு. அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்று வரும் திசைக்கு ரொம்ப நெருக்கிப் பிடிக்கக் கூடாது. வேகம் குறைந்தால் படகின் அடியில் நீளவாக்கில் இருக்கும் அடிக்கட்டைக்கு நீரில் பிடிப்பு போய், படகு பக்கவாட்டில் சறுக்கும். பாய் கிழிந்தாலோ சுக்கான் போனாலோ நங்கூரம்தான். உன் வள்ளத்தில் பாயே இல்லை, அதனால் உனக்கு முதலிலேயே நங்கூரம். அலை உடையும் இடத்துக்கு வெளியிலேயே போடு, உள்ளே போனபின் பிடிக்காது.

கணக்கு இது. ஆழம் 5 பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி), அணியத்தின் உயரம் 1 பாகம் என்றால் மொத்தம் 6. அதற்கு 7 மடங்கு, 42 பாகம் கயிறு விட வேண்டும். இங்கே அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கில் கடல் ஏறக்குறைய நாலரை மீட்டர் ஏறும், அதையும் ஆழத்தோடு கூட்டுவார்கள். கயிறு குறைந்தால் அலை தூக்கும்போது நங்கூரம் மேல்நோக்கி இழுபட்டுப் பெயர்ந்துவிடும். நங்கூரத்தை ஒட்டி 3 பாகமாவது சங்கிலி வேண்டும். அதன் எடைதான் நங்கூரத்தின் தண்டைக் கடல்தரையில் படுக்கவைக்கும். சங்கிலிக்குப் பின் நைலான் கயிறு, அது நீண்டு கொடுத்து அலையின் வெட்டைத் தாங்கும். மிதக்கிற கயிறு வேண்டவே வேண்டாம். அணியத்தில் கயிறு உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயைச் செருகு. ராத்திரியில் நல்ல கயிறு அறுவது அங்கேதான். கயிற்றின் கடைசி முனை படகில் கட்டியிருக்கிறதா என்று கரையிலேயே பார்.

நங்கூரம் பிடித்தபின் எஞ்சினைத் தொடு. முதலில் எரிபொருள் எண்ணெய் வடிகட்டியைப் பார். கடல் கலங்கும்போது தொட்டியின் அடியில் கிடக்கும் கசடும் தண்ணீரும் மேலே வந்து அதை அடைக்கும். 1981 டிசம்பர் 19 அன்று இதே கரையில் 'யூனியன் ஸ்டார்' கப்பலின் எஞ்சின், எண்ணெயில் கடல்நீர் கலந்துதான் நின்றது. அதிலிருந்த 8 பேரும், காப்பாற்றப் போன பென்லீ மீட்புப் படகின் 8 தொண்டர்களும் இறந்துபோனார்கள்.

நங்கூரம் இழுபடும் வரை காத்திராமல் முன்பே வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனலில் கூப்பிடு. இடம், ஆட்கள் எத்தனை, கரை எவ்வளவு தூரம் என்று மூன்றையும் சொல். கைப்பேசியில் சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல்படைக்கு 1554.

உன் கயிற்றை அவிழ்த்து எத்தனை பாகம் என்று அளந்து, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல். குறைந்தால் நைலானுக்குப் பணம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்