படம் வந்துவிட்டது, நன்றி!

அன்புள்ள எல்லோருக்கும்,

நான் நடித்த படம் வெளியாக வேண்டிய வெள்ளிக்கிழமை, காலைக் காட்சி ரத்தானதிலிருந்து நள்ளிரவு வரை நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடி சொல்லவில்லை. படம் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

கடைசி நேரத்தில் கைகொடுத்த விநியோகஸ்தர், காட்சி ஒதுக்கிய தியேட்டர்காரர்கள், ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் படம் பார்க்க வந்த கோயம்பேடு லோடுமேன் அண்ணன்மார், கமுதியிலிருந்து வேன் பிடித்து வந்த எங்கள் ஊர்க்காரர்கள், எல்லோரையும் கும்பிடுகிறேன்.

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்கிறார். சாலிகிராமத்தில் நாங்கள் பேசிய டப்பிங் தியேட்டரில் டீ கொடுக்கும் ஒடிசாத் தம்பி அவர்.

ஊரில் விறகைக் கரியாக்கக் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தவன் நான். கோயம்பேட்டில் நாசிக் வெங்காய லாரியில் மூட்டை இறக்கும்போதுதான் இயக்குநர் கண்ணில் பட்டேன். நடிக்கும்போது பயமே இல்லை. தோளில் 50 கிலோ மூட்டை, தெரிந்த வேலை. டப்பிங்கில்தான் மாட்டிக்கொண்டேன். குளிரும் அறை, முன்னால் மைக், காதில் ஹெட்போன், கை சும்மா தொங்குகிறது. உதடு சேர்ந்தது, குரல் சேரவில்லை. அதே துண்டு திரும்பத் திரும்ப ஓடியது. வேறு ஆளைப் பேசவைத்துவிடலாம் என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் முடிவே ஆகிவிட்டது.

அப்போது டீ கொண்டுவந்த தம்பி திரையைக் காட்டி, "அண்ணா, அங்க மூட்டை இருக்கு. இங்க இல்ல" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே போய் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிவந்து என் தோளில் ஏற்றிவிட்டார். மூச்சு தானாக மாறியது. வசனத்துக்கு நடுவே எங்கே வாங்க வேண்டுமோ அங்கே வாங்கியது. புதுக் கேன், தளும்பாததால் மைக்கில் சத்தமும் விழவில்லை. அந்த டேக்கைத்தான் நீங்கள் படத்தில் கேட்கிறீர்கள்.

அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. எல்லோரும் என் வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மூச்சைக் கேட்டிருக்கிறார். ஒருவேளை அவரும் எங்கேயோ சுமை தூக்கியிருப்பார். இன்னும் கேட்கவில்லை, கேட்க வேண்டும்.

கமுதிப் பேச்சு அப்படியே இருக்கிறது என்று எழுதுகிறீர்களே, அந்தப் பாராட்டில் பாதி அவருக்குச் சேர வேண்டியது. இனி எந்தப் படமானாலும் என் குரலை நானேதான் பேசுவேன். ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வேன். அப்புறம், புதிதாக வரும் ஒருவன் மைக் முன்னால் திணறினால், அவனை மாற்றச் சொல்வதற்கு முன் கொஞ்ச நேரம் கொடுக்கச் சொல்லி வாதாடுவேன்.

தம்பி இன்னும் படம் பார்க்கவில்லை, விடுப்பு கிடைக்கவில்லையாம். ஞாயிறு மாலைக் காட்சிக்கு அழைத்துப் போகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று.