600 வி.ஏ. போதுமா என்று கேட்ட நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். புது கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தாயிற்று, இனி கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து கொடுக்கும் யுபிஎஸ் ஒன்றுதான் பாக்கி என்று எழுதியிருக்கிறாய். 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) போதுமா, 1000 வாங்கவா என்பது உன் கேள்வி. அதற்குள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கரண்ட் போன நொடியில் உன் லோடை (மாட்டியிருப்பவை எல்லாம் சேர்ந்து இழுப்பதை) யுபிஎஸ் தாங்குமா என்பது ஒன்று. தாங்கினால் எத்தனை நிமிடம் ஓடும் என்பது இன்னொன்று. முன்னது பேட்டரி கரண்டை வீட்டு கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் சர்க்யூட்டின் பாடு, பின்னது பேட்டரியின் பாடு. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வி.ஏ. எண் இரண்டில் எதற்கும் நேராகப் பதில் சொல்லாது.

முதலில் வாட் கணக்கு. சுவர் பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கு. சும்மா இருக்கும்போது, வழக்கமான வேலையின்போது, கேம் உச்சத்தில் ஓடும்போது என்று மூன்று முறை அளந்து எழுதிவை. மீட்டர் கிடைக்காவிட்டால் காகிதத்தில் போடலாம். உன் ரைசன் பிராசசரில் 65 வாட் என்று எழுதியிருந்தாலும் அது 88 வாட் வரை இழுக்கும். கிராபிக்ஸ் கார்டு 170. மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 40. மொத்தம் 298. கம்ப்யூட்டருக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தன் பங்குக்கு வீணாக்குவதையும் சேர்க்க 0.88ஆல் வகுத்தால் சுமார் 340. மானிட்டருக்கு 30, மோடத்துக்கு 10. ஆக 380 வாட். எஸ்எம்பிஎஸ் மேல் 650 என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. அது கொடுக்கக்கூடிய உச்சம். எப்போதும் இழுக்கும் அளவு அல்ல.

இந்த 380க்கு மேல் கால் பங்கு இடம் விடு: 475 வாட். கிராபிக்ஸ் கார்டு சில மில்லிசெகண்டுகளுக்குத் தன் அளவைத் தாண்டித் துள்ளும். அந்தத் துள்ளலுக்கும் சேர்த்துத்தான் இந்த இடம்.

இனி யுபிஎஸ்ஸின் விவரத்தாளைத் திறந்து வி.ஏ.வுக்குப் பக்கத்தில் வாட் எவ்வளவு என்று பார். 600 வி.ஏ. யுபிஎஸ் பலவற்றில் 360 வாட்தான் இருக்கும், 1000 வி.ஏ.வில் 600. அந்தக் காலத்து எஸ்எம்பிஎஸ்களின் பவர் ஃபேக்டர் (வி.ஏ.வில் எத்தனை பங்கு வாட் என்பது) 0.65 அளவில் இருந்ததால் வி.ஏ. வரம்பும் வாட் வரம்பும் ஏறக்குறைய ஒன்றாகவே முட்டும். அதைச் சரிசெய்யும் சர்க்யூட் உள்ள இப்போதைய ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ்ஸில் பவர் ஃபேக்டர் ஒன்றை ஒட்டி நிற்கிறது. அதனால் வாட் வரம்புதான் முதலில் முட்டும். 600 வி.ஏ.வை நம்பி 500 வாட் மாட்டினால், கரண்ட் போனதும் ஒரு நீண்ட பீப். அதோடு எல்லாம் அணைந்துவிடும். கரண்ட் இருக்கும்வரை குறை தெரியாது என்பதுதான் இதில் உள்ள வம்பு.

ஆகவே உனக்கு 1000 வி.ஏ., 600 வாட். இந்தக் கேள்வி இத்தோடு முடிந்தது.

நிமிடக் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இந்த அளவு யுபிஎஸ் பலவற்றில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு இருக்கும். (ஒன்றே ஒன்று இருக்கும் மாடலும் உண்டு, கேட்டுக்கொள்.) 12 × 7 × 2 = 168 வாட்-ஹவர். 380ஆல் வகுத்தால் 26 நிமிடம் வருகிறது. ஆனால் நிஜத்தில் புது பேட்டரியே ஆறு, ஏழு நிமிடத்தில் கையை விரித்துவிடும். ஏன் என்று கேட்பாய். 7 ஆம்பியர்-ஹவர் என்பது 20 மணி நேரம் மெதுவாக, 0.35 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. நீயோ இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் சேர்த்து 24 வோல்ட்டில் சுமார் 18 ஆம்பியர் உறிஞ்சுகிறாய். 50 மடங்கு வேகம்! அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து அமிலம் தகடுகளின் உட்புறத்துக்குப் போய்ச் சேர முடியாது. உள் மின்தடையிலும் வோல்ட் விழும். பேட்டரிக்குள் மிச்சம் இருக்கும்போதே வோல்ட் கீழ்வரம்பைத் தொட்டுவிடும், யுபிஎஸ் நிறுத்திவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஆன் செய்தால் சில நொடிகள் ஓடுகிறதே, அது அந்த மிச்சம்தான்.

இதே காரணத்தால் லோடைப் பாதியாகக் குறைத்தால் நேரம் இரட்டிப்புக்கும் மேலே போகும். கேமை மூடிவிட்டு மொத்தம் 100 வாட்டில் எழுத்து வேலை மட்டும் பார்த்தால் அதே பேட்டரி 40 நிமிடத்தை ஒட்டி வரும். அதனால் கேமுக்காக நிமிடங்களை விலைக்கு வாங்காதே. சேமிக்க, மூட, அணைக்க ஐந்து நிமிடம் போதும். பேட்டரியில் கேம் ஆடுவது, கிணறு வற்றும் நேரத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரி.

ஒன்று மட்டும் நினைவில் வை: இன்றைய ஏழு நிமிடம் மூன்றாம் வருடமும் ஏழாக இருக்காது. இந்த மூடிய ஈய-அமில பேட்டரிகள் 25 டிகிரியில் மூன்று முதல் ஐந்து வருடம் உழைக்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. மேஜைக்கு அடியில் சுவரோடு ஒட்டி, காற்றுக்கு வழியில்லாமல் வைத்தால் நீயே அதன் ஆயுளைக் குறைக்கிறாய்.

அலைவடிவத்தையும் கேட்டுப் பார்த்து வாங்கு. மலிவான யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது படிக்கட்டு மாதிரியான அலையைத்தான் தரும். ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ் சில அதைச் சகித்துக்கொள்ளும், சில படக்கென்று அணைந்துவிடும். எது எப்படி நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். உன் கம்ப்யூட்டருக்கு, சுவரில் வருவது போன்ற வழவழப்பான அலையான பியூர் சைன் வேவ் உள்ளதையே எடு. வி.ஏ.வைக் கூட்டுவதற்குச் செலவழிப்பதை இதற்குச் செலவழித்தால் பலன் உண்டு.

மாட்டும்போது பின்பக்கத்தைக் கவனி. சில யுபிஎஸ்ஸில் பாதி சாக்கெட்டுகளில்தான் பேட்டரி வரும். மீதி வெறும் சர்ஜ் (திடீரென எகிறும் வோல்ட்) பாதுகாப்பு. மானிட்டரை அதில் மாட்டிவிட்டு, கம்ப்யூட்டர் ஓடுகிறது, திரை மட்டும் கருப்பு என்று புலம்புகிறவர்கள் நிறைய. லேசர் பிரிண்டரை யுபிஎஸ் பக்கமே கொண்டுவராதே. மைத்தூளைக் காகிதத்தில் உருக்கி ஒட்டும் அதன் ஃபியூசர் சூடேறும் நொடியில் நூற்றுக்கணக்கான வாட்டை ஒரே மூச்சில் இழுக்கும்.

யுபிஎஸ்ஸோடு வரும் யுஎஸ்பி கேபிளைப் பெட்டியிலேயே விட்டுவிடாதே. அதை மாட்டினால், பல மாடல்களை விண்டோஸ் லேப்டாப் பேட்டரி போலவே காட்டும். லினக்ஸ் என்றால் அதற்கு நட் (NUT) என்ற மென்பொருள் இருக்கிறது. கரண்ட் போய் இரண்டு நிமிடம் ஆனதும் தானாக ஹைபர்நேட் ஆகும்படி (வேலையை டிஸ்கில் எழுதிவிட்டு அணையும்படி) வை. ஸ்லீப் வேண்டாம். ஸ்லீப்பில் ராமுக்குத் தொடர்ந்து கரண்ட் வேண்டும். பேட்டரி தீர்ந்தால் சேமிக்காதது எல்லாம் போயிற்று. பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கியதும் அணை என்று வைப்பதும் ஆபத்து. கிழட்டு பேட்டரி 60 சதவீதம் என்று காட்டிக்கொண்டே சாகும்.

வாங்கிய அன்றே சோதிக்காதே. குறைந்தது எட்டு மணி நேரம் சார்ஜ் ஏறட்டும். பிறகு எல்லா ஃபைலையும் சேமித்து மூடிவிட்டு, சுவரில் சுவிட்சை மட்டும் அணை. பிளக்கைப் பிடுங்காதே, எர்த் இணைப்பும் போய்விடும். சும்மா இருக்கும்போது ஒரு தடவை, கேம் ஓடும்போது ஒரு தடவை செய். முதல் சோதனையில் தேறி, இரண்டாவதில் அணைந்தால் வாட் போதவில்லை, அல்லது பேட்டரி தளர்ந்துவிட்டது. யுபிஎஸ் ஓடிக்கொண்டிருக்க, சும்மா இருந்த கம்ப்யூட்டரே ரீஸ்டார்ட் ஆனால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்படு. யுபிஎஸ் பேட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லிசெகண்டு ஆகும். நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடிலும் 16, 17 மில்லிசெகண்டு தாங்கும். கெப்பாசிட்டர் தளர்ந்தது தாங்காது.

பெரிய பேட்டரியை வெளியே வைத்து ஒயர் இழுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாயே, வேண்டாம். உள்ளே இருக்கும் சின்ன சார்ஜரால் அதை நிரப்ப மாளாது. அதைவிட முக்கியம், இன்வெர்ட்டரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் சில நிமிட ஓட்டத்தை மனதில் வைத்துச் செய்தது. ஒரு மணி நேரம் ஓட்டினால் கருகும். நீண்ட நேரம் வேண்டுமென்றால் வெளி பேட்டரிக்கென்றே செய்த மாடலை வாங்கு. பேட்டரி மாற்றும் நாளில் இரண்டையும் ஒன்றாக மாற்று. பழசும் புதுசும் ஜோடி சேர்ந்தால் புதுசும் சீக்கிரம் போகும். டெர்மினல் தகட்டின் அகலம் 4.75 மில்லிமீட்டரா 6.35ஆ என்று அளந்துகொண்டு கடைக்குப் போ.

மீட்டர் வைத்து அளந்தால் அந்த மூன்று எண்களையும் எனக்கு எழுது. கேம் உச்சத்தில், மானிட்டரும் மோடமும் சேர்த்து, 280க்குள் நின்றால் 360 வாட் யுபிஎஸ்ஸே உனக்குப் போதும். நான் மேலே போட்ட கணக்கை அடித்துவிடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்