ஓடையைச் சுத்தம் செய்யுங்கள், ட்ரவுட் வேண்டாம்

ஐயா,

ஏற்காட்டில் தூண்டில் போடும் நண்பர்கள் சிலர் ஞாயிறு காலையில் சாக்குப்பையோடு ஓடையில் இறங்கிக் குப்பை பொறுக்குகிறார்கள், நல்ல வேலை. பாறை இடுக்கில் சிக்கிய சிப்ஸ் பாக்கெட், அறுத்து வீசிய தூண்டில் நரம்பு (இதில் கொக்கின் கால் மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது) எல்லாம் வெறுங்கையாலேயே எடுக்கிறார்கள்.

ஆனால் நீலகிரி அவலாஞ்சி மாதிரி இங்கேயும் ட்ரவுட் மீன் விடலாம் என்று அவர்களில் சிலர் பேசுவது சரிவராது. அது 20 டிகிரிக்குக் கீழே ஜில்லென்று ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீரைக் கேட்கிற வெளிநாட்டு மீன், கோடையில் வற்றிப்போகும் நம் ஓடையில் எப்படித் தாங்கும்? இதே மாதிரி வெளியிலிருந்து வந்த ஜிலேபி மீனை (திலாப்பியா) விட்டு நாட்டு மீன்களைப் பாடாய்ப் படுத்தியது போதாதா!

அப்புறம், ஏற்காடு ஏரியின் உபரிநீர்தான் கிளியூர் அருவிக்குப் போகிறது. அந்த வழியில் நாலு குப்பைத்தொட்டி வைத்து, திங்கள்தோறும் காலி செய்ய அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்