மணிநகர் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்கள் சொசைட்டியின், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பின், அக்கம்பக்கத்தாருக்கும், அகமதாபாத்தில் எங்களை ஊன்றிவிட்ட மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற நவராத்திரியில் ஒரு நாள் ஆரத்தி எங்கள் வீட்டு முறையாக வந்தது. பிரசாதத்துக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் செய்து எடுத்துப் போயிருந்தோம். கர்பா நடனம் தொடங்குவதற்கு முன் மைக்கை என் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். என் குஜராத்தி காய்கறி வண்டியில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் வரும். மனதில் இருந்ததைச் சொல்ல வரவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இப்போது தமிழில் எழுதுகிறேன். என் மகள் படித்துப் பொருள் சொல்லுவாள். அவளுக்கு வாயைத் திறந்தாலே குஜராத்திதானே!

முதலில் தரைத்தளத்து பா. குஜராத்தியில் பா என்றால் அம்மா, பாட்டி. எல்லோருக்கும் அவர் பாதான், பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று பா ஒருநாளும் கேட்டது கிடையாது. நேராக உத்தரவுதான். நாங்கள் குடிவந்த முதல் கோடையில் கதவைத் தட்டி, "கோதுமை எத்தனை மண் சொல்லட்டும்?" என்றார். ஒரு மண் என்றால் இங்கே 20 கிலோ. நாங்கள் அரிசிச் சோறு சாப்பிடுகிறவர்கள், கோதுமை மாவு பாக்கெட்டில் வாங்கிக்கொள்வோம் என்றேன். பாக்கெட் மாவா என்று முகத்தைச் சுளித்தவர், எங்கள் பெயருக்கும் இரண்டு மண் எழுதிவிட்டார்.

டெம்போவில் மூட்டைகள் வந்து இறங்கின. வருடத்துக்கு வேண்டிய கோதுமையை அறுவடைக்குப் பின் ஒரே தடவையாக வாங்கி வைப்பது குஜராத்தில் பழைய வழக்கம். லோக்வன் ரகமா, டுக்டி ரகமா என்று அதிலேயே அரைமணி நேரம் விவாதம். அப்புறம் வாசலில் பழைய போர்வைகளை விரித்து, சலித்து, கல் பொறுக்கி, வெயிலில் காயவைத்தோம். பா உள்ளங்கையில் விளக்கெண்ணெயை ஊற்றிக்கொண்டு கோதுமைக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பிசறினார். ஒவ்வொரு மணியிலும் மினுமினுப்பு ஏறும் வரை விடவில்லை. நான் மேலாகத் தடவியதைப் பார்த்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே அழுத்தினார். எண்ணெய் ஏறிய தானியத்தில் வண்டு வைக்காது. துவரம்பருப்புக்கு எங்கள் ஆச்சி செய்கிற வேலைதான் இது, ஆனால் இத்தனை மூட்டைக்கு நான் பார்த்ததில்லை. இந்தியாவிலேயே ஆமணக்கு அதிகம் விளைகிற மாநிலம், எண்ணெய்க்கு என்ன பஞ்சம்! எல்லாம் முடிந்து பெரிய தகர கோட்டியில், அதாவது தானியம் சேமிக்கும் கலத்தில், கொட்டி மூடியபோது என் புடவை முழுக்க விளக்கெண்ணெய் வாடை. அந்தக் கோடையில் சொசைட்டியின் எல்லாப் பெண்களின் பெயரும் எனக்கு மனப்பாடம் ஆனது. பா, உங்களுக்கு அதுதான் நோக்கமோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

எதிர்வீட்டு பென்னுக்கு (குஜராத்தியில் பென் என்றால் சகோதரி) இட்லி மாவுக்காக நன்றி சொல்ல வேண்டும். ஜனவரியில் இங்கே இரவுக் குளிருக்கு மாவு பொங்கவே பொங்காது, மே மாதத்தில் கண்ணசந்தால் புளித்துப்போய் நிற்கும். டோக்ளாவுக்கு மாவு புளிக்க வைத்துப் பழகிய கை அவருடையது. குளிர்காலத்தில் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றிக் கோதுமை கோட்டியின் மேல் வைக்கச் சொன்னதும், வெயிலில் எப்போது ஃபிரிட்ஜுக்குள் தள்ள வேண்டும் என்று கதவைத் தட்டி நினைவூட்டியதும் அவர்தான். பதிலுக்கு என் சாம்பாரில் கொஞ்சம் வெல்லம் போடச் சொல்லி இன்றுவரை வற்புறுத்துகிறார். அது மட்டும் நடக்காது.

தீபாவளிக் கதையையும் சொல்லியாக வேண்டும். நம் தீபாவளி நரக சதுர்த்தசி விடியற்காலையில். இங்கே தீபாவளி பெரும்பாலும் அதற்கு மறுநாள், அமாவாசை இரவில். நாங்கள் வழக்கம்போல நாலரை மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, கீழே இறங்கி ஒரு சரத்தைக் கொளுத்தினோம். வாட்ச்மேன் விசிலோடு ஓடி வந்தார். நாலைந்து பால்கனிகளில் விளக்கு எரிந்தது. யாரும் திட்டவில்லை. பென் தூக்கக் கண்ணோடு இறங்கி வந்து, விஷயத்தைக் கேட்டு, ஒரு துண்டு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு திரும்பப் படுக்கப் போய்விட்டார்.

அன்றைய தினம் அவர்களுக்குக் காளி சௌதஸ். மாலையில் வடை சுட்டு, நாற்சந்தியில் வைத்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார்கள். வீட்டுச் சண்டை சச்சரவெல்லாம் அதோடு போய்விடும் என்று நம்பிக்கை. திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். பென் என்னையும் இழுத்துப் போனார். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரும் கூடவே வந்தார். நாம் உப்பு மிளகாய் சுற்றி முச்சந்தியில் போடுவதில்லையா, இங்கே கொஞ்சம் தாராளமாக வடையாகவே போடுகிறார்கள் என்றார். வழி நெடுக நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்காமல்தான் வந்தோம். எந்தச் சண்டையை விட்டுவிட்டு வந்தார் என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

தீபாவளிக்கு அடுத்து பெஸ்து வரஸ், குஜராத்திப் புத்தாண்டு. விடியும் முன்பே "சப்ரஸ்" என்று கூவிக்கொண்டு உப்பு விற்பவர்கள் வருவார்கள், வருடத்தின் முதல் சரக்கு உப்பு. புத்தாண்டின் ஐந்தாம் நாளான லாப பஞ்சமி வரை ஊரே கடையடைத்துவிடும் என்பது பழகியவர்களுக்குத்தான் தெரியும். காய்கறி, பருப்பு, மாத்திரை எல்லாவற்றையும் முன்னதாக வாங்கி வைக்கச் சொல்லிக் குஜராத்தி எழுத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்த மளிகைக்கடை பாய் (இங்கே பாய் என்றால் அண்ணன்), உங்களுக்கு நன்றி. அந்தப் பட்டியலைப் படித்துச் சொன்னது நான்காம் மாடிக் கல்லூரிப் பெண். கடைப் பெயர்ப்பலகைகளைக் காட்டிக் காட்டியே என் மகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். பள்ளியில் குஜராத்தி கட்டாயப் பாடம் என்று கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. டியூஷனுக்குப் பணம் கேட்காமல் மசால் தோசை கேட்டாள், கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த வீடு கிடைத்த கதை அவ்வளவு இனிப்பானதல்ல. மீன் சாப்பிடுவோம் என்று உண்மையைச் சொன்னதும் பேச்சு முறிந்த இடங்கள் உண்டு. சிலர் பெயரைக் கேட்பதற்கு முன்பே அதைத்தான் கேட்டார்கள். நன்றி மடலில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால், வீடு கொடுத்தவரின் அருமை தெரியாது. அவரும் ஒரு நிபந்தனை வைத்தார்: மீனை இங்கே சமைக்க வேண்டாம், வெளியில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். அது நியாயம் என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எங்கள் அடுப்பை அவர் எட்டிப் பார்த்ததில்லை.

அவரிடம் எங்களுக்காகப் பேசியவர் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெரியவர். 1861இல் முதல் ஆலை ஓடத் தொடங்கி ஜவுளி ஆலைகளால் வளர்ந்த ஊர் இது. ஆலை வேலைக்குத் தெற்கிலிருந்து வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. ஆலைகள் மூடின. மணிநகரில் இருந்த தமிழ்வழிப் பள்ளியும் பிள்ளைகள் குறைந்து 2020இல் மூடப்பட்டது. அந்தக் குடும்பத்தார் ஊரை விட்டுப் போகவில்லை. வாழையிலை எங்கே கிடைக்கும், நல்லெண்ணெய் எந்தக் கடையில் கலப்படமில்லை, நவஜீவன் எக்ஸ்பிரஸில் சென்னை போக எத்தனை நாள் முன்னால் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஐயா சொல்லித்தான் தெரியும்.

மெக்கானிக் பாய்க்கும் ஒரு வார்த்தை. காற்றாடித் திருவிழாவான உத்தராயணத்துக்கு ஒரு வாரம் முன்பே என் கணவரின் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹேண்டிலில் வளைவுக் கம்பி மாட்டிவிட்டார். அறுந்த காற்றாடியின் மாஞ்சா நூல் ரோட்டின் குறுக்கே கிடந்தால் வண்டியில் போகிறவரின் கழுத்தை அறுத்துவிடும். கம்பிக்குக் காசு வாங்கினார், மாட்டியதற்கு வாங்கவில்லை.

பொங்கலும் உத்தராயணமும் ஒன்றாக வருவதால் மொட்டை மாடியில் ஒரு மூலையில் எங்கள் பானை, மற்ற மூலைகளிலெல்லாம் உங்கள் காற்றாடிகள். அடுத்தவர் காற்றாடியை அறுத்துவிட்டு "காய்போ சே!" என்று நீங்கள் கத்துகிற நேரத்தில் பால் பொங்கினால் எங்கள் "பொங்கலோ பொங்கல்" யாருக்கும் கேட்பதில்லை. வருகிற ஜனவரியில் பால் பொங்கும்போது ஒரு நிமிடம் ஸ்பீக்கரை நிறுத்துங்கள். உந்தியூ காய்கறிக் கூட்டும் ஜிலேபியும் போன வருடம் அளவுக்கே இருக்கட்டும், சர்க்கரைப் பொங்கலை இன்னும் பெரிய பானையில் வைக்கிறேன். பா, நெய் உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
மூன்றாம் மாடித் தமிழ்க் குடும்பம்