எந்த முகவரிக்கு எழுதுவது

9-1-2026

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் உன் நலமறிய ஆவல். இந்த இரண்டு வரியையும் அஞ்சலகத்தில் உட்கார்ந்து ஊராருக்காக நாற்பது ஆண்டு வாசித்திருக்கிறேன், எழுதியும் கொடுத்திருக்கிறேன். என் பிள்ளைக்கு எழுதும்போது கை நின்றுவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. எழுதும் பழக்கம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

போனில் சொல்லக்கூடாதா என்பாய். போன் வந்தால் அப்பா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறார். அவர் நிற்கும்போது நான் என்ன கேட்க முடியும்? சாப்பிட்டாயா, குளிர் எப்படி, இதற்கு மேல் வாய் வருவதில்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. குல்லாய் இருக்கிறது என்பாய். குல்லாய் காதுக்கு மேலேயே நிற்கிறது, படத்தில் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில் உனக்கு வந்த வலி எனக்குத்தான் தெரியும். நல்லெண்ணெய் அங்கே கிடைக்கிறதா?

இங்கே மழை வேண்டாத நேரத்தில் பெய்தது. நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது கீழவயலில் இரண்டு நாள் தண்ணீர் நின்று, முண்டு மிளகாய்ச் செடி பாதிக்கு மேல் வேர் அழுகிவிட்டது. அப்பா மறுபடி நாற்று வாங்கி நட்டிருக்கிறார். நம் மிளகாய்க்குப் புவிசார் குறியீடு வந்து மூன்று ஆண்டு ஆகப்போகிறது, குறியீடு இருந்து என்ன, தண்ணீர் அதைப் படித்துப் பார்த்துவிட்டா நிற்கிறது? புயலன்று நீதான் முதலில் கூப்பிட்டாய். தொலைக்காட்சியில் சொல்வதற்கு முன்பே, இப்போது இலங்கைக்கு மேல் நிற்கிறது, ராத்திரி உங்கள் பக்கம் காற்று பலமாக இருக்கும், ஓட்டுச் சாய்ப்பில் படுக்காதீர்கள் என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. போனை வைத்த பிறகு சுவரில் மணி பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பாம்பன் புதுப் பாலத்தில் ஏப்ரலிலிருந்து ரயில் ஓடுகிறது. உன்னை வழியனுப்பியபோது எல்லா ரயிலும் இந்தக் கரையோடு நின்றுகொண்டிருந்தது, நினைவிருக்கிறதா? இப்போது ராமேஸ்வரம் வரை போகிறது. கப்பல் வந்தால் நடுப்பகுதி மட்டும் லிஃப்டு போல அப்படியே மேலே ஏறுகிறது. நூறு ஆண்டு உழைத்த பழைய பாலத்தில் ஆட்கள் நின்று இரண்டு பக்கமும் கம்பியைச் சுற்றித் திறப்பதை நீ சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தாய். அன்றைக்கே இயந்திரப் பைத்தியம் பிடித்தது உனக்கு.

அப்பா டீக்கடையில் உன் பெருமையைப் பேசிப் பேசி அலுக்கவில்லை. போன மாதம் ஒரு கூத்து. "என் மகனுக்கு வட கடலில் வேலை" என்றாராம். அவர் சொன்னது உங்கள் ஐரோப்பா வட கடல். நம் பக்கத்தில் வடகடல் என்றால் தொண்டிப் பக்கத்து, அலை அடங்கிய பெண் கடல்தானே? "அவ்வளவு படிக்கவைத்துத் தொண்டியிலா வேலை?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அப்பாவுக்கு வந்ததே கோபம். உன் படத்தை எடுத்துக் காட்டி, கடலுக்கு நடுவில் நிற்கும் காற்றாலை, உள்ளேயே லிஃப்டு, படகிலிருந்து தாவி ஏற வேண்டும் என்று அரை மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறார். கமுதி சூரிய மின் நிலையத்துக்கு நீ பஸ்ஸில் போய்வந்தபோது, வெயிலில் கண்ணாடி துடைக்கிற வேலைக்கா இன்ஜினீயரிங் என்று கேட்டவரும் இதே அப்பாதான்.

நீ அனுப்பிய படங்களை எல்லாம் உன் தங்கை ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு வருடத்தில் எத்தனை ஊர்! ஜெர்மனியில் பிரேமர்ஹாஃபன், கரைமேட்டில் ஆடு மேய்கிற படம். மே மாதம் டென்மார்க்கில் எஸ்பியர்க். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது என்று நீ எழுதியதை மேலத்தெரு அத்தை இன்னும் நம்பவில்லை. அக்டோபரில் ஸ்காட்லாந்து, அபர்டீன், ஊர் முழுக்கச் சாம்பல் நிறக் கல் வீடு. பிறகு மறுபடி எஸ்பியர்க். ஊர் சுற்றுவது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நீ சொன்ன காரணம் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. நான் கேட்கவில்லை. நீ பெரியவன்.

எனக்குப் பிடித்த படம் அந்த நான்கு வெள்ளை மனிதர் சிலைகள் உட்கார்ந்திருப்பது. ஒவ்வொன்றும் ஒன்பது மீட்டர் உயரம், கடலைப் பார்த்தபடியே இருக்கும் என்று எழுதியிருந்தாய். முட்டியில் கையை வைத்து, முதுகு வளையாமல், கண்ணைக் கொட்டாமல். நீ அதன் முழங்காலுக்குக்கூட எட்டாமல் நிற்கிறாய். நான் பார்த்ததும் நினைத்தேன், நம் கரையில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் சிலை வைக்க ஆரம்பித்தால் படகு ஏற்ற இடம் இருக்காது. அதுவும் எல்லாம் பெண் சிலையாக இருக்கும். அந்தப் படத்தில் நீ போட்டிருக்கும் நீலச் சட்டை, தீபாவளிப் படத்திலும் அதே. கழுத்துப் பட்டன் போட்டும் ஒரு விரல் இடைவெளி தெரிகிறது. போகும்போது இறுக்கமாக இருக்கிறது என்று அதே பட்டனைத்தான் கழற்றிவிட்டுக்கொண்டாய்.

சரி, மணி விஷயத்துக்கு வருகிறேன். முத்திரை குத்திய கை அல்லவா, எது வந்தாலும் தேதியும் நேரமும் குறிக்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. நீ கூப்பிடும் நேரத்தைத் தினக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைக்கிறேன். ஆகஸ்டு வரை இரவு பத்து, பத்தரை. வேலை முடித்து அறைக்கு வந்து கூப்பிடுகிறாய், கணக்குச் சரி. நவம்பரிலிருந்து மதியம் மூன்று, மூன்றேகால். எல்லாம் வார நாள். எங்களுக்கு மூன்று என்றால் உங்களுக்குக் காலை பத்தரை. பத்தரை மணிக்கு நீ கட்டில் மேல் உட்கார்ந்து, வீட்டுக்குள்ளேயே கோட்டு மாட்டிக்கொண்டு பேசுகிறாய். இரவு வேலை என்று ஒருமுறை சொன்னாய். சரி என்றேன். இரவு வேலை பார்த்தவன் கண் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? உன் அப்பா எத்தனை வருடம் ராத்திரித் தொழிலுக்குப் போனவர்.

பணம் வருகிறது. மாதா மாதம் ஐந்தாம் தேதி வந்தது, இப்போது பதினேழு, இருபத்து மூன்று என்று வருகிறது. அடகில் இருக்கிற நகை அங்கேயே இருக்கட்டும், வட்டியை நான் பென்ஷனில்... பென்ஷன் என்று சொல்லக்கூடாது, உனக்குத் தெரியும், கிளை அஞ்சலகக்காரிக்கு அந்தப் பேச்சே கிடையாது. ஓய்வுபெறும்போது கொடுத்ததில் கொஞ்சம் வைத்திருக்கிறேன், அதில் கட்டிக்கொள்வேன். யாரிடமாவது வாங்கி எங்களுக்கு அனுப்பாதே. தொண்டி மாமா செய்த மாதிரி செய்யாதே. அதற்குமேல் அதைப்பற்றி எழுதமாட்டேன்.

மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கை போனோம். விடிய விடிய வரிசை. சந்தனம் களைந்த மரகத நடராசரை உன் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். வருடம் முழுக்கச் சந்தனத்துக்குள் இருக்கிறவரே ஒரு நாளாவது வெளியே வந்து முகம் காட்டுகிறார். நீ என்னடா என்றால் நலம், நலம், நலம்.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

கடைசித் தெருப் பெரியம்மாவை உனக்குத் தெரியும். கடல்பாசி எடுக்கப் போய்விட்டு வந்து நம் திண்ணையில் உட்கார்ந்து விரலில் சுற்றிய துணியை அவிழ்ப்பாரே, உனக்கு முறுக்கு கொண்டுவருவாரே, அவர்தான். 1989இல் அவர் கணவர் சவுதியில் இருந்தார். அவர் வீட்டில் எழுத்து தெரிந்தவர்கள் யாருமில்லை. கடிதம் வந்தால் தபால் பை பிரித்ததும் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவார். வெளிநாடு போன சபுராளி வீட்டுப் பெண்கள் பாதிப்பேருக்கு நான்தான் கண். அந்த முறை வந்தபோது அவருக்கு ஏழு மாதம், கால் வீங்கியிருந்தது. ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை. பிரித்து, முதல் நான்கு வரி வாசித்தேன். நலம், நலமறிய ஆவல், உடம்பைப் பார்த்துக்கொள். ஐந்தாவது வரியில் கண் போயிற்று. ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை, பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டிவிட்டார், அண்ணனிடம் சொல்லி ஊரில் இருக்கிற ஏஜென்டை உடனே பார்க்கச் சொல், உன்னிடம் இருப்பதை விற்றாவது டிக்கெட்டுக்கு வழி செய், உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

நான் அந்த வரிகளை விட்டுவிட்டேன். குரல்கூட மாறவில்லை. "குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசிக்கிறேன்" என்று கீழே எழுதியிருந்தது, அதற்குத் தாவி வாசித்தேன். அவர் சிரித்தார். பிரசவம் ஆகட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கடிதத்தை மடித்து அவர் கையில்தான் கொடுத்தேன். அவர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நாற்பது நாள் கழிந்தது. அப்புறம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அப்புறம் சொல்லக்கூடாது என்று ஆகிவிட்டது. அங்கிருந்து கடிதமும் நின்றது. பணம் நின்றது. பச்சைக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு அவர் பாசிக்குப் போக ஆரம்பித்தார்.

மூன்றாவது வருடம் அந்த மனிதர் வந்தார், பாதி ஆளாக. சேமிப்புக் கணக்கு தொடங்க வந்தவர் நின்றுகொண்டே சொன்னார்: "எழுதித்தான் இருந்தேன். அவள் காதில் ஏறவில்லை, அக்கா." நான் தேதி முத்திரையை மைத்தட்டில் ஒற்றிக்கொண்டே இருந்தேன். தாள் கிழிகிற அளவுக்கு மை. அப்போதுகூட வாயைத் திறக்கவில்லை. கடைசிவரை அவர்கள் இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தார்கள். அவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. பெரியம்மா இன்றைக்கும் மாலையில் வந்து உட்கார்ந்து, "தம்பி எப்படியிருக்கிறான்?" என்று கேட்கிறார். நலம் என்கிறேன்.

வரியை விட்டுவிட்டு வாசிப்பவரின் குரல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், தம்பி. மூச்சு விட வேண்டிய இடத்தில் விடாமல் அடுத்ததற்குப் போய்விடும். நீ நவம்பரிலிருந்து அப்படித்தான் பேசுகிறாய்.

வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாப்பிடு. காதை மூடிக்கொள். பெரியம்மாவிடம் இந்தப் பொங்கலுக்குள் சொல்லிவிட வேண்டும் என்றிருக்கிறேன், முடிகிறதா பார்க்கிறேன். அப்பா மதியம் இரண்டரைக்குப் படுத்தால் நான்கு வரை எழுந்திருக்கமாட்டார். மூன்று மணிக்குக் கூப்பிடுவதானால் தாராளமாகக் கூப்பிடு, நான் கிணற்றடியில் நின்று எடுக்கிறேன். வீடியோ வேண்டாம், குரல் போதும்.

கீழக்கரையிலிருந்து ஒருவர் தை மாதம் ஹாம்பர்க் வருகிறாராம். வற்றல் ஒரு படி, தொதல், நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பலாம். எங்கே கொண்டுவந்து தருவது என்று கேட்கிறார்.

டென்மார்க்கில் அரசாங்கத் தபால்காரர்கள் போன மாதத்தோடு கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று செய்தித்தாளில் படித்தேன், நானூறு ஆண்டாகச் செய்த வேலையாம். சிவப்புத் தபால் பெட்டியைக்கூடப் பெயர்த்துவிட்டார்களாம். இனி வேறொரு கம்பெனி கொண்டுவந்து தருமாம். இங்கே மட்டும் என்ன, பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்தாயிற்று. நான் செய்த வேலையில் பாதி இப்போது கிடையாது. ஆனாலும் இதை எஸ்பியர்க்கில் நீ கடைசியாகக் கொடுத்த முகவரிக்கே அனுப்புகிறேன். பின்பக்கம் என் முகவரியைப் பின்கோடோடு தெளிவாக எழுதியிருக்கிறேன். நீ அங்கே இல்லையென்றால் இந்தக் கடிதம் திரும்பி என்னிடமே வரும். அப்பா கண்ணில் படாமல் வாங்கி வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
அம்மா